கடைமடைக் கணக்கு: சிறுநீரகம் உப்பையும் பொட்டாசியத்தையும் ஆளும் விதம்

வளர்ந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கின்றன. அந்த நீரில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். சிறுநீரோடு வெளியேறுவதோ பத்துக் கிராமைச் சுற்றித்தான்; அன்றைக்கு நாம் சாப்பிட்ட உப்பு எவ்வளவோ அவ்வளவு. மீதி, நூற்றில் 99 பங்குக்கும் மேல், ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கும் இந்த முறை வீண்வேலை போலத் தோன்றலாம். வேண்டாதது எதுவாக இருந்தாலும் அதை அடையாளம் காணத் தேவையில்லை, பொறுக்காமல் விட்டாலே போதும் என்பது அதன் சாமர்த்தியம். ஆனால் பொறுக்குவதில் பிசகக் கூடாது. நூற்றில் ஒரு பங்கு பிசகினாலே 15 கிராம் உப்பு கைவிட்டுப் போகும். அதோடு உடல் நீரில் ஒன்றே முக்கால் லிட்டரும் போகும்.

பொட்டாசியத்தின் கதை வேறு. உடலில் உள்ள சுமார் 3,500 மில்லிமோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே அடைந்து கிடக்கிறது. வெளியே, ரத்தத்திலும் செல்களைச் சூழ்ந்த நீரிலுமாக இருப்பது அறுபது, எழுபது மில்லிமோல் மட்டுமே. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். காய்கனிகள் நிறைந்த ஒருவேளைச் சாப்பாட்டில் 40 மில்லிமோல் பொட்டாசியம் எளிதாக இருக்கும். அது முழுவதும் ரத்தத்திலும் செல்வெளி நீரிலும் தங்கிவிட்டால் இந்த அளவு ஏழை நெருங்கும். அந்த அளவில் இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கும். அப்படி நேராமல் காப்பது முதலில் இன்சுலின். சாப்பிட்டதும் சுரக்கும் அது, சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் செல்களுக்குள் தள்ளிவிட்டுச் சிறுநீரகத்துக்கு நேரம் வாங்கித் தருகிறது. அடுத்த சில மணி நேரத்தில் வந்த பொட்டாசியத்தை வெளியே அனுப்பி முடிப்பது சிறுநீரகத்தின் பாடு.

ஆக, ஒன்றைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும், மற்றொன்றை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் சிறுநீரகம் தனித்தனிப் பாதை வைத்திருந்தால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. இரண்டும் ஒரே இடத்தில் பின்னிக்கிடக்கின்றன. அந்த இடத்தை ஆளும் முக்கிய ஹார்மோனும் ஒன்றே ஒன்றுதான். அது எப்படி இரண்டு வேலைகளையும் குழப்பமில்லாமல் செய்கிறது என்ற கேள்வி ஆய்வாளர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்தது. விடையின் பெரும்பகுதி கிடைத்தது இந்த நூற்றாண்டில்தான்.

பாசன வாய்க்காலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்ற சொற்களை விளக்கத் தேவையில்லை. சிறுநீரகத்தின் அடிப்படை அலகான நெஃப்ரானை அப்படி ஒரு வாய்க்காலாக நினைத்துக்கொள்வது வசதியானது. ஒரு சிறுநீரகத்தில் இவை ஏறக்குறைய பத்து லட்சம். வடிகட்டப்பட்ட நீர் முதலில் நுழையும் அண்மைச் சுருள் நுண்குழல் வந்த சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கை அள்ளிவிடுகிறது. அடுத்து வரும் ஹென்லே வளைவின் ஏறுபகுதி கால் பங்கை எடுக்கிறது. அதற்கும் அடுத்த சேய்மைச் சுருள் நுண்குழலுக்கு ஐந்து முதல் எட்டு சதவீதம். கடைசியில், கடைமடையான இணைப்புக் குழலுக்கும் சேகரிப்பு நாளத்துக்கும் வந்து சேர்வது மிச்சமிருக்கும் சில சதவீதம்தான். முன்பகுதிகள் மொத்த வியாபாரிகள். மூட்டை மூட்டையாக எடுக்கின்றன, அதிகம் பேரம் பேசுவதில்லை. ஹார்மோன்களின் நுட்பமான கட்டளைகள் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில சதவீதத்தின் மீதே செல்லுபடியாகின்றன. சிறியதாகத் தோன்றும் அந்த மிச்சத்தில்தான் ரத்த அழுத்தம் முடிவாகிறது.

பொட்டாசியத்துக்கும் கடைமடைதான் முக்கியம், ஆனால் திசை வேறு. வடிகட்டப்பட்ட பொட்டாசியத்தில் பெரும்பகுதியை முன்பகுதிகளே திருப்பி எடுத்துவிடுகின்றன. சிறுநீரில் நாம் காணும் பொட்டாசியம் வடிகட்டியிலிருந்து தப்பி வந்தது அல்ல. பெரும்பாலும் கடைமடையில் உள்ள செல்கள் புதிதாகக் குழலுக்குள் கசியவிட்டது.

இந்தக் கசிவு நடக்கும் விதம்தான் மொத்தக் கதைக்கும் அச்சாணி. சேகரிப்பு நாளத்தின் முதன்மைச் செல்லுக்கு இரண்டு முகங்கள்: ஒன்று சிறுநீர்ப் பக்கம், மற்றொன்று ரத்தப் பக்கம். ரத்தப் பக்கத்தில் சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஓயாமல் இயங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை ரத்தத்துக்குத் தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளைச் செல்லுக்குள் இழுக்கிறது. (நண்டின் நரம்பில் இந்தப் பம்பைக் கண்டறிந்து 1957-இல் வெளியிட்ட டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூவுக்கு நோபல் பரிசு வந்தது 1997-இல். நாற்பது ஆண்டுக் காத்திருப்பு.) செல்லுக்குள் சோடியம் குறைவதால், சிறுநீர்ப் பக்கத்துச் சவ்வில் உள்ள சோடியம் கால்வாய் வழியே குழலில் இருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. ஆய்வாளர்கள் இந்தக் கால்வாயை ஈனாக் என்கிறார்கள். நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் உள்ளே வந்துவிட்டால் குழலுக்குள் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அந்த எதிர்மின்னூட்டம் செல்லுக்குள் குவிந்திருக்கும் பொட்டாசியத்தை ரோம்-கே என்ற இன்னொரு கால்வாய் வழியே வெளியே இழுக்கிறது. சோடியம் இந்தப் பக்கம் ஏறினால்தான் பொட்டாசியம் அந்தப் பக்கம் இறங்கும். ஏற்றத்தின் இரு முனைகளைப் போல இரண்டும் பிணைந்திருக்கின்றன. கடைமடைக்கு வரும் சோடியம் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறையும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே விளங்கும்.

இனி அந்த ஹார்மோன். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சிதைந்தால் மனிதன் மெலிந்து, தோல் கறுத்து, தளர்ந்து இறப்பதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் லோப் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதையும், வெறும் உப்பு கொடுத்தாலே அவர்கள் தேறுவதையும் காட்டினார். உப்பைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்று அட்ரினலில் சுரக்கிறது என்பது அப்போது தெளிவானது. அது எது என்பதை லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் பேசல் நகரத்து வேதியியலாளர்களோடு சேர்ந்து 1953-இல் பிரித்தெடுத்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோ மாட்டுச் சுரப்பிகளிலிருந்து கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். முதலில் வைத்த பெயர் எலெக்ட்ரோகார்ட்டின், நிலைத்தது ஆல்டோஸ்டீரோன்.

அவர்கள் அதைத் தேடிய முறையை இங்கே சொல்லியாக வேண்டும். அட்ரினல் நீக்கப்பட்ட எலிகளுக்குக் கதிரியக்கச் சோடியத்தையும் கதிரியக்கப் பொட்டாசியத்தையும் செலுத்தி, சிறுநீரில் இரண்டும் எந்த விகிதத்தில் வருகின்றன என்று அளந்தார்கள். எந்தச் சாறு அந்த விகிதத்தைக் குறைக்கிறதோ அதில் ஹார்மோன் இருக்கிறது என்று பொருள். அதாவது ஆல்டோஸ்டீரோன் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு விகிதமாகத்தான்: சோடியத்தைக் காக்கும், பொட்டாசியத்தைத் தள்ளும். இரண்டும் ஒரே நாணயத்தின் பக்கங்கள் என்ற எண்ணம் அன்றைக்கே வேரூன்றிவிட்டது. அங்கேதான் சிக்கலும் தொடங்கியது.

ஆல்டோஸ்டீரோன் செல்லுக்குள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அது ஸ்டீராய்டு என்பதால் சவ்வைக் கடந்து நேரே உள்ளே போகிறது, தன்னைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்கிறது, இருவருமாக உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகிறார்கள். அப்படி முதலில் விழித்தெழுபவற்றில் ஒன்று எஸ்.ஜி.கே.1 என்ற நொதி. சவ்வில் உள்ள சோடியம் கால்வாய்களைப் பழைய சாமான் போலக் கழித்து உள்ளே இழுத்துச் சிதைப்பதற்கென்றே செல்லில் ஒரு புரதம் இருக்கிறது, எஸ்.ஜி.கே.1 அதன் கையைக் கட்டிப்போடுகிறது. கழிக்க ஆளில்லாததால் சவ்வில் கால்வாய்களின் எண்ணிக்கை கூடுகிறது. இதற்கெல்லாம் குறைந்தது ஒரு மணி நேரம் பிடிக்கும். பின்னர் பல மணி நேரத்தில் பம்புகளும் பெருகும். கழிக்கும் அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் பிடி, பிறவியிலேயே கால்வாயில் அறுந்துபோயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1963-இல் கிராண்ட் லிடில் விவரித்த குடும்பத்தில் ஆல்டோஸ்டீரோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனாலும் அது பொங்கி வழிவதைப் போல உயர் ரத்த அழுத்தமும் பொட்டாசியக் குறைவும் இருந்தன. அந்தக் குடும்பத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டவருக்குப் பல ஆண்டுகள் கழித்து மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது இரண்டும் சரியாகிவிட்டன. பழுது சிறுநீரகத்தில்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கால்வாயின் மரபணுப் பிழை 1994-இல் பிடிபட்டது.

சரி, ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கச் சொல்லி உத்தரவிடுவது யார்? இரண்டு எசமானர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, உடலில் உப்பும் நீரும் குறைவது. வயிற்றுப்போக்கு, ரத்த இழப்பு, உப்பில்லாத உணவு, எதுவானாலும் சிறுநீரகத்துக்கு வரும் ரத்த அழுத்தம் தாழ்ந்தால் அங்குள்ள செல்கள் ரெனினைச் சுரக்கின்றன. முயல் சிறுநீரகத்தின் சாற்றில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் இந்தப் பொருளை ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட்டும் பெர்க்மனும் 1898-இலேயே கண்டார்கள். ரெனின், கல்லீரல் செய்த ஒரு புரதத்தை நறுக்குகிறது. அதை இன்னொரு நொதி மேலும் நறுக்கி, எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் 2 பிறக்கிறது. அது ரத்த நாளங்களைச் சுருக்குகிறது, அட்ரினலுக்குப் போய் ஆல்டோஸ்டீரோனைக் கேட்கிறது. (இதன் பெயருக்கும் ஒரு சமரசக் கதை உண்டு. 1939, 1940 காலத்தில் பியூனஸ் அயர்சில் ஒரு குழு ஹைப்பர்டென்சின் என்றது. அமெரிக்காவில் ஒரு குழு ஆஞ்சியோடோனின் என்றது. 1958-இல் இரண்டையும் ஒட்டி ஆஞ்சியோடென்சின் என்று வைத்துக்கொண்டார்கள்.)

இரண்டாவது எசமானர் பொட்டாசியமே. அட்ரினலின் வெளியடுக்குச் செல்கள் ரத்தப் பொட்டாசியத்தை நேரடியாக உணர்கின்றன. நடுவில் தூதர் யாரும் இல்லை. பொட்டாசியம் சற்றே உயர்ந்தாலும் அவற்றின் சவ்வு மின்னழுத்தம் தளர்ந்து, கால்சியம் உள்ளே புகுந்து, ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது.

இப்போது முரண் கண்ணுக்குத் தெரியும். உப்பு குறைந்தவனுக்கும் ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது, பொட்டாசியம் மிகுந்தவனுக்கும் அதே ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது. முதலாமவன் உப்பைக் காக்க வேண்டும், ஆனால் பொட்டாசியத்தை இழக்கக் கூடாது. இரண்டாமவன் பொட்டாசியத்தைத் தள்ள வேண்டும், ஆனால் உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளக் கூடாது. உண்மையில் உடல் இரண்டையும் பிசகாமல் செய்கிறது. ஒரே கடிதம் இரண்டு விதமாகப் படிக்கப்படுகிறது. இதற்கு ஆல்டோஸ்டீரோன் முரண் என்றே பெயர். மருத்துவ மாணவர்களுக்கு எழுதப்படும் நூல்கள் பல இதைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுகின்றன. ‘ஆல்டோஸ்டீரோன் சோடியத்தைக் காக்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது’ என்ற மனப்பாட வரியோடு நிறுத்திக்கொள்வது, என்னைக் கேட்டால், பாதி உண்மையை முழு உண்மையாகக் கற்பிப்பது.

விடை கடைமடையில் இல்லை, அதற்குச் சற்று மேலே இருந்தது. சேய்மைச் சுருள் நுண்குழலில் சோடியம்–குளோரைடு இணைகடத்தி என்றொரு புரதம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் தயாசைடு மாத்திரைகள் பூட்டுவது இதைத்தான். இது சோடியத்தைக் குளோரைடோடு ஜோடியாக எடுத்துக்கொள்கிறது. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சேர்ந்தே போவதால் மின்னூட்டம் எதுவும் மிஞ்சுவதில்லை. பொட்டாசியம் வெளியேற இழுவிசையும் இல்லை. கடைமடைக்குச் சற்று மேலே உள்ள இந்த மேல்மடை நன்றாகப் பாய்ச்சிக்கொண்டால் உப்பு காப்பாற்றப்படும், பொட்டாசியமும் காப்பாற்றப்படும், ஏனென்றால் கடைமடைக்கு வரும் சோடியம் குறைவு. மேல்மடை அடைபட்டால் சோடியம் கடைமடைக்குப் பாய்ந்து வரும்; அங்கே ஆல்டோஸ்டீரோன் திறந்துவைத்த கால்வாய்கள் அதை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பொட்டாசியத்தைத் தள்ளும். ஆல்டோஸ்டீரோன் கடைமடையை மட்டும் திறந்துவைக்கிறது. எவ்வளவு சோடியம் அங்கே வரவேண்டும் என்பதை முடிவு செய்வது வேறு ஒருவர்.

அந்த ஒருவரைக் காட்டிக்கொடுத்தவை இரண்டு அரிய பரம்பரை நோய்கள். ஒன்றில், 1966-இல் விவரிக்கப்பட்ட கிடெல்மேன் நோயில், இணைகடத்தி பிறவியிலேயே பழுது. ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும், பொட்டாசியம் குறைந்திருக்கும். கார்டன் நோய் இதற்கு நேர் எதிர்ப்பிம்பம்: ரத்த அழுத்தம் உயர்வு, பொட்டாசியமும் உயர்வு. தயாசைடு கொடுத்தால் இரண்டும் படிந்துவிடும். ஆனால் கார்டன் நோயில் இணைகடத்தியின் மரபணுவில் குறையே இல்லை. ரிச்சர்ட் லிஃப்டனின் குழு 2001-இல் குற்றவாளியைப் பிடித்தது: விங்க் என்று உச்சரிக்கப்படும் நொதிக் குடும்பத்தின் இரண்டு உறுப்பினர்கள். பெயர்க்காரணம் வேடிக்கையானது. இவ்வகை நொதிகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வழக்கமாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இவற்றில் அங்கே இல்லை. ‘லைசின் இல்லாதது’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே பெயராகிவிட்டன. அதில் லைசினைக் குறிக்கும் ‘கே’ என்ற எழுத்துதான் வேதியியலில் பொட்டாசியத்துக்கும் குறியீடு. வெறும் தற்செயல், ஆனால் பொட்டாசியத்தின் காவலாளிக்கு இந்தப் பெயர் வாய்த்ததை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

விங்க் நொதி, ஸ்பாக் என்ற இன்னொரு நொதியைத் தூண்ட, அது இணைகடத்தியின் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதை முடுக்கிவிடுகிறது. ஆஞ்சியோடென்சின் 2 இந்தச் சங்கிலியை முடுக்குகிறது. முரண் இங்கே அவிழ்கிறது. உப்பு குறைந்தவனிடம் ஆல்டோஸ்டீரோனும் ஆஞ்சியோடென்சினும் சேர்ந்தே உயர்ந்திருக்கின்றன. மேல்மடை சோடியத்தை உறிஞ்சிக்கொள்வதால் உப்பு காக்கப்படுகிறது, பொட்டாசியம் தப்பிக்கிறது. பொட்டாசியம் மிகுந்தவனிடம் ஆல்டோஸ்டீரோன் மட்டும் உயர்ந்திருக்கிறது, ஆஞ்சியோடென்சின் இல்லை. மேல்மடை தளர்கிறது, சோடியம் கடைமடைக்கு வருகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. கடிதம் ஒன்றுதான், கூடவே இன்னொரு கடிதம் வந்திருக்கிறதா இல்லையா என்பதில் பொருள் மாறுகிறது. கடைமடையிலேயே அமர்ந்திருக்கும் இடைச்செருகு செல்களும் ஆஞ்சியோடென்சின் இருக்கும்போது குளோரைடை எடுத்து இதற்குத் துணை நிற்கின்றன.

இதோடு முடிந்திருந்தால் ஹார்மோன்களின் கதையாக மட்டும் நின்றிருக்கும். பொட்டாசியம் தன் வழக்கைத் தானே வாதாடுகிறது என்பது பிறகு தெரியவந்தது. எலிகளுக்கு வாய்வழியே பொட்டாசியம் கொடுத்தால் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் இணைகடத்தியின் மீதுள்ள பாஸ்பேட் கழன்று அது சோர்ந்துவிடுகிறது. ஆல்டோஸ்டீரோன் கண் விழிப்பதற்கு முன்பே மேல்மடை அடைபடத் தொடங்கிவிடுகிறது. இதன் பொறிமுறையும் அழகானது. சேய்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் ரத்தப் பக்கத்தில் ஒரு பொட்டாசியம் கால்வாயை வைத்திருக்கின்றன. ரத்தப் பொட்டாசியம் குறைந்தால் செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னூட்டம் அடைகிறது. அது எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடை வெளியே விரட்டுகிறது. விங்க் நொதியோ குளோரைடு ஒட்டியிருக்கும்வரை தூங்கும் இயல்புடையது என்று 2014-இல் தெரிந்தது. குளோரைடு விலகியதும் அது எழுந்து இணைகடத்தியை முடுக்குகிறது. பொட்டாசியம் மிகுந்தால் எல்லாம் தலைகீழ்.

இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. பொட்டாசியம் குறைவாக உண்பவரின் சிறுநீரகம் அதை மிச்சப்படுத்த முக்கிய வழி, மேல்மடையில் சோடியத்தை உறிஞ்சி எடுத்துவிடுவது. அந்த நேரத்தில் அவர் உப்பை அள்ளித் தின்றுகொண்டிருந்தாலும் சிறுநீரகம் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பொட்டாசியத்துக்காக உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறது. இந்தத் தேர்வில் பொட்டாசியத்துக்குத்தான் முதல் மரியாதை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மனித இனம் தன் வரலாற்றில் பெரும்பகுதியை உப்பு அரிதாகவும் பொட்டாசியம் ஏராளமாகவும் கிடைத்த உணவில் கழித்தது. அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் நமது உணவோடு ஒப்பிட்டால் உப்பே சேர்க்காமல் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் எப்போதும் உயர்ந்திருந்தன, வயதானாலும் ரத்த அழுத்தம் ஏறவில்லை என்று 1970-களில் நடந்த ஆய்வு காட்டியது. உப்பு மலிந்து பொட்டாசியம் குறைந்த தட்டு ஒன்று முன்னால் வைக்கப்படும் என்று இந்த அமைப்புக்கு யாரும் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை.

உப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உப்பை மட்டுமே பேசும் வழக்கம் எனக்கு உறுத்துவது இதனால்தான்.

இடையில் ஒரு காவல்காரரையும் பார்த்துவிட வேண்டும். ஆல்டோஸ்டீரோனின் ஏற்பி 1987-இல் ஆய்வுக்கூடத்தில் படியெடுக்கப்பட்டபோது ஒரு சங்கடம் தெரிந்தது. அந்த ஏற்பி, அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலையும் அதே ஆர்வத்தோடு பற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் கார்டிசால் ஆல்டோஸ்டீரோனைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அதிகம். புரதங்களோடு ஒட்டாமல் தனித்து உலவுவதை மட்டும் எண்ணினாலும் ஏறக்குறைய நூறு மடங்கு. அப்படியானால் ஏற்பி எப்போதும் கார்டிசாலின் பிடியிலேயே அல்லவா இருக்க வேண்டும்? அடுத்த ஆண்டே விடை வந்தது. கடைமடைச் செல்களில் ஒரு நொதி வாசலில் நின்று, நுழையும் கார்டிசாலை ஏற்பி சீந்தாத கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. ஆல்டோஸ்டீரோனை மட்டும் தொடாமல் விடுகிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் இந்த நொதியை முடக்கும். அதிமதுரத்தைப் பல வாரம் மிகுதியாக உண்டவர்களுக்குக் கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் சரிவது இதனால்தான். அவர்களின் ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோனை அளந்தால் கீழே கிடக்கும். கார்டிசால் திருட்டுத்தனமாக அதன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

மற்ற ஹார்மோன்களை நூல்கள் வரிசையாக அடுக்கும். எல்லாவற்றுக்கும் சம இடம் தேவையில்லை. வாசோப்ரெசின் முதன்மையாக நீரை ஆள்வது. ரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்தது என்று ஆய்வறிக்கை சொன்னால் பெரும்பாலும் நீர் மிகுந்துவிட்டது என்று பொருள், உப்பு குறைந்தது என்றல்ல. உடலில் மொத்தச் சோடியம் எவ்வளவு என்பது வேறு கணக்கு, அது ரத்தக் கொள்ளளவில் தெரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது படித்தவர்களிடமும் சகஜம். இதயத்தின் மேலறைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன் உப்பை வெளியேற்றும் திசையில் இழுக்கிறது. எலிகளின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் சிறுநீரில் உப்பு பெருகுவதை கனடாவின் அடோல்ஃபோ டி போல்ட் 1981-இல் காட்டும்வரை, இதயம் ஒரு சுரப்பியாகவும் இருக்கக்கூடும் என்று பலர் எண்ணவில்லை.

இவையெல்லாம் சேர்ந்து நோயாளியிடம் எப்படித் தெரியும்? அமெரிக்காவின் மிச்சிகனில் 1954-இல் ஜெரோம் கான் கண்ட 34 வயதுப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, பொட்டாசியம் மிகக் குறைந்து தசைகள் தளர்ந்து அவ்வப்போது கால்கள் செயலற்றுப் போயின. அட்ரினலில் ஒரு கட்டி தன்னிச்சையாக ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது என்று கான் முடிவு செய்தார். அறுவையில் கட்டி இருந்தது, எடுத்ததும் அவர் தேறினார். மேலே சொன்ன பொறிமுறையில் இதைப் பொருத்திப் பாருங்கள். கடைமடை அகலத் திறந்திருக்கிறது. உடலில் உப்பு நிறைந்திருப்பதால் ரெனினும் ஆஞ்சியோடென்சினும் அடங்கிக் கிடக்கின்றன. மேல்மடையை இறுக்கச் சொல்ல ஆளில்லை. உப்பும் தேங்குகிறது, பொட்டாசியமும் போகிறது. இரண்டு கேடும் ஒருசேர. இத்தகைய கட்டிகள் பலவற்றில் ஒரு பொட்டாசியம் கால்வாயின் மரபணு திரிந்து, அது சோடியத்தையும் உள்ளே விடத் தொடங்கியிருப்பது 2011-இல் தெரிந்தது. பொட்டாசியம் உயராமலேயே அந்தச் செல்கள் உயர்ந்துவிட்டதாக எண்ணிச் சுரந்துகொண்டே இருக்கின்றன. முன்பு அரிதென்று கருதப்பட்ட இந்த நோய், உயர் ரத்த அழுத்தக்காரர்களில் ஐந்து முதல் பத்து சதவீதத்தினரிடம் இருக்கலாம் என்று இப்போது மதிப்பிடுகிறார்கள். பலருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது; அதனால்தான் இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

இந்த நோயாளிகளுக்கு உடல் வீங்குவதில்லை என்பது கவனிக்க வேண்டியது. இரண்டு மூன்று கிலோ நீர் ஏறியதும் சிறுநீரகம் ஆல்டோஸ்டீரோனின் பிடியிலிருந்து நழுவி, உண்ட உப்பை வெளியேற்றத் தொடங்குகிறது. உயர்ந்த அழுத்தம், இதய ஹார்மோன், இணைகடத்தி தளர்வது எல்லாம் அதற்குக் கைகொடுக்கின்றன. பொட்டாசிய இழப்பு மட்டும் நிற்பதில்லை.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளுக்கு வருவோம். ஃபுரோசமைடு ஹென்லே வளைவிலும், தயாசைடு சேய்மைச் சுருள் நுண்குழலிலும் சோடியத்தைத் தடுக்கின்றன. தடுக்கப்பட்ட சோடியம் கடைமடைக்கு வெள்ளமாக வரும். உப்பு இழப்பால் ஆல்டோஸ்டீரோனும் ஏறியிருக்கும். பொட்டாசியம் குறையாமல் என்ன செய்யும்? இந்த மாத்திரை சாப்பிடுபவர் உப்பையும் தாராளமாக உண்டால் கடைமடைக்கு இன்னும் சோடியம் வந்து இன்னும் பொட்டாசியம் போகும். பொட்டாசியம் குறைகிறதே என்று மேலும் மாத்திரை எழுதுவதற்கு முன் உப்பைக் குறைக்கச் சொல்வது ஏன் உதவுகிறது என்பது இதனால் புரியும். அமிலோரைடு கடைமடைக் கால்வாயையே அடைக்கிறது, ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டீரோனின் ஏற்பியை மறிக்கிறது. இவற்றால் பொட்டாசியம் தேங்கும். கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் கொடுத்தபோது இறப்பு 30 சதவீதம் குறைந்ததாக 1999-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மருத்துவர்கள் அதை ஆர்வத்தோடு எழுதத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பொட்டாசியம் உயர்ந்து மருத்துவமனைக்கு வந்த இதய நோயாளிகளின் எண்ணிக்கை பல மடங்கானது. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களை அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து கண்காணித்தார்கள். வெளியே அப்படி நடக்கவில்லை.

உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த மாற்று உப்பும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்கள். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. சோடியம் குறைந்ததோடு பொட்டாசியம் கூடியதும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். மேல்மடையின் இணைகடத்தி தளர்ந்ததும் அதில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. முன்னவருக்கு நெஃப்ரான்கள் போதாது. பின்னவருக்கு நெஃப்ரான்கள் இருந்தும் கடைமடை அடைபட்டிருக்கிறது. உணவில் கூடிய பொட்டாசியம் இருவருக்கும் ரத்தத்திலேயே தங்கிவிடும்.